மடியை விட்டு இறங்க ஓர் இடம்: மணலிச் சாலையில் பேரப்பிள்ளைகளோடு ஒரு வழித்தங்கல்

நெடுஞ்சாலையில் செல்லும் குடும்பம் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை வண்டி ஓட்டுபவரின் களைப்பும் டீசலின் இருப்புமே தீர்மானிப்பதாகப் பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் பின்னிருக்கையில் பால்குடி மறவாத பேத்தியும், சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்ணும் தாத்தாவும், முழங்கால் வலியுள்ள ஆயாவும் அமர்ந்திருக்கும்போது அந்தக் கணக்கை வகுப்பவை அவர்களுடைய உடல்களே. சேருமிடத்தை அடைவதற்கு முன், உண்பதற்கும் கால் நீட்டுவதற்கும் குழந்தையைக் கவனிப்பதற்குமாக இடைவழியில் இளைப்பாறுவதை வழித்தங்கல் எனலாம். தமிழகத்தின் பழைய பெருவழிகள் இந்த வழித்தங்கலை ஒட்டியே அளக்கப்பட்டன. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தின் சாலைகளோ கடந்த அறுபது ஆண்டுகளில் சரக்குப் போக்குவரத்தின் தேவைக்கு ஏற்ப அகலப்படுத்தப்பட்டும் திருப்பிவிடப்பட்டும் வந்துள்ளன. பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மணலியிலிருந்து வடக்கே நெல்லூருக்கோ, காளஹஸ்திக்கோ, பழவேற்காட்டுக்கோ புறப்படும் குடும்பம் இந்த மாற்றத்தின் விளைவை முதல் அரை மணி நேரத்திலேயே உணர்ந்துவிடுகிறது.

குழந்தைக்கும் முதியவருக்கும் பயணத்தில் ஏற்படும் தேவைகள் வேறுவேறு காரணங்களால் எழுந்தாலும், அவை ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வந்து நிற்பது கவனிக்கத்தக்கது. கைக்குழந்தையைக் காருக்கான குழந்தை இருக்கையில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அமர்த்தி வைக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். சாய்ந்த நிலையில் தலை முன்னே கவிழும்போது பச்சிளம் குழந்தையின் மூச்சுப்பாதை சுருங்கக்கூடும் என்பதே அதற்குக் காரணம். முதியவர்களுக்கோ, காலை மடக்கி நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் காலின் ஆழ்சிரைகளில், அதாவது தசைக்குள் புதைந்து ஓடும் இரத்தக் குழாய்களில், இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது நல்லது என்று சொல்லப்படுகிறது. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குப் பயணக் குமட்டல் மிகுதி. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு வண்டி ஓடுவதை உணர்கையில், முன்னிருக்கையின் முதுகையோ கைப்பேசியின் திரையையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் எதுவும் நகரவில்லை என்று மூளைக்குச் சொல்வதால் இக்குமட்டல் உண்டாகிறது. ஆகவே பேத்தி இறங்க வேண்டிய நேரமும் தாத்தா இறங்க வேண்டிய நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. நடுவயதினரான பெற்றோர் மட்டுமே நிற்காமல் ஓட்டிவிடலாம் என்று எண்ணக்கூடிய நிலையில் இருக்கிறார்கள்.

மணலியின் அமைப்பை அறிந்தால்தான் அங்கே இந்த இரண்டு மணி நேரம் எப்படிக் கரைகிறது என்பது விளங்கும். 1965-இன் இறுதியில் தோற்றுவிக்கப்பட்டு 1969-இல் உற்பத்தியைத் தொடங்கிய சென்னை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதையொட்டி எழுந்த உரத் தொழிற்சாலையும் பெட்ரோலிய வேதிப்பொருள் ஆலைகளும், வயலும் ஏரியுமாக இருந்த ஊரைத் தொழிற்பகுதியாக மாற்றின. 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும், அதன் வடக்கே பின்னர் எழுந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும், தெற்கேயுள்ள பழைய சென்னைத் துறைமுகமும் சேர்ந்து, இவ்வட்டாரச் சாலைகளைக் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகளின் பாதையாக்கின. மணலி எண்ணெய் ஆலைச் சாலை, உள்வட்டச் சாலை, திருவொற்றியூரிலிருந்து மணலிப் புதுநகர் வழியாகப் பொன்னேரி தொட்டுப் பஞ்செட்டியில் தேசிய நெடுஞ்சாலையைச் சேரும் சாலை ஆகிய மூன்றிலும் லாரிகள் ஓடுவதோடு வரிசையாக நிற்கவும் செய்கின்றன. துறைமுகத்தில் தங்கள் முறை வரும் வரை காத்திருக்கும் ஓட்டுநர்கள் வண்டியின் அடிப்பகுதியில் தூளி கட்டி உறங்கும் காட்சி இங்குள்ளவர்களுக்குப் பழகியது. தங்குமிடமின்மை என்னும் குறை குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று, அந்த ஓட்டுநர்களுக்கும் உரியது என்பதை மறக்கலாகாது.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டின் தொழிற்பகுதிகளை ஆராய்ந்து, காற்று, நீர், நிலம் ஆகிய மூன்றின் நிலையையும் ஒரே எண்ணால் குறிக்கும் ஒரு குறியீட்டை வகுத்து, 70 மதிப்பெண்ணைத் தாண்டிய 43 இடங்களைக் கடுமையாக மாசுபட்டவை என அறிவித்தபோது, அப்பட்டியலில் மணலியும் இடம்பெற்றது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட மிகுதியான காற்றைச் சுவாசிக்கிறது என்பதால், வேறு ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரனுக்கு இருமலோ இழுப்போ இருக்குமானால், ஆலைச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி நிற்பது முறையன்று. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை உள்ளே இழுக்காத வகையில் குளிர்சாதனத்தை அமைத்துக்கொண்டு, மீஞ்சூரையோ தச்சூர்க் கூட்டுச்சாலையையோ கடந்த பிறகு இளைப்பாறுவதே தக்கது. இப்படிச் சொல்லும்போதே, அந்தக் காற்றைக் கடந்து செல்ல வாய்ப்பில்லாமல் அதையே நாள்தோறும் சுவாசித்து வளரும் மணலிக் குழந்தைகள் நினைவுக்கு வராமல் போவதில்லை. அவர்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை வாய்க்கும் வெளியூர்ப் பயணம் வெறும் பொழுதுபோக்கு அன்று.

பெருவழியும் சத்திரமும்

வழித்தங்கலைப் பற்றித் தமிழர்கள் எவ்வளவு ஆழமாகச் சிந்தித்தார்கள் என்பதற்குத் தருமபுரி வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட அதியமான் பெருவழிக் கற்கள் சான்றாகும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் இக்கற்கள், நாவற்தாவளம் என்னும் இடம் எத்தனை காதத் தொலைவில் உள்ளது என்பதை அறிவிக்கின்றன. காதம் என்பது பிற்கால வழக்கில் ஏறக்குறைய 10 மைல். தாவளம் என்பது வணிகரும் வழிப்போக்கரும் தங்கும் இடம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தொலைவை அறிய வேண்டும் என்பதற்காக, எழுத்தால் பொறித்ததோடு நில்லாமல், பத்துக்களைப் பெரிய குழிகளாகவும் ஒன்றுகளைச் சிறிய குழிகளாகவும் கல்லில் குடைந்து காட்டியிருக்கிறார்கள். இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகள் அடுத்த நகரத்துக்கும் அடுத்த சுங்கச்சாவடிக்கும் உள்ள தொலைவைச் சொல்கின்றன. அந்தக் கற்களோ, தங்குவதற்கான இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையே வழிப்போக்கருக்குச் சொல்லத் தக்க முதற்செய்தியாகக் கொண்டன.

சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லும் இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றுவதற்கு வசதியாக, ஆளுயரத்தில் இரு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைப்பது சுமைதாங்கி; கருவுற்ற நிலையிலோ மகப்பேற்றின்போதோ இறந்த பெண்ணின் நினைவாக அதை நிறுவுவது தமிழகத்தின் பல பகுதிகளில் வழக்கமாக இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, பிறர் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் செய்து தரப்பட்டது. தாயையும் சேயையும் வழிப்போக்கரின் இளைப்பாறுதலோடு இவ்வளவு நேரடியாக இணைத்த சாலைச் சின்னம் உலகில் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே.

குழந்தைகளோடு பயணம் செய்வோருக்கு ஓர் அரசு என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவுக்கு மிகத் தெளிவான விடையைத் தந்த ஆவணம், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் தம் அவையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதமாகும். இராமேசுவரம் செல்லும் வழியில் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைக் கிழக்கிந்தியக் கும்பினி அரசு எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்ற கவலையில் எழுதப்பட்ட அக்கடிதம், அங்கே நடந்த பணிகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறது. எல்லாச் சாதியினருக்கும் உணவு உண்டு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று கூவி அழைக்கும் வழக்கம் உண்டு. நோயுற்ற பயணி குணமாகும் வரை மருந்தும் பத்தியமும் உண்டு. பாலருந்தும் குழந்தைகளுக்குப் பால் உண்டு. வழியில் பேறுகாலம் வந்த பெண்ணுக்கு மருத்துவமும், குழந்தை பிறந்தபின் மூன்று மாதம் அங்கேயே தங்கும் உரிமையும் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கல்வியும் உண்டு. இன்றைய சாலையோர வசதித் திட்டங்கள் எவையும் இந்தப் பட்டியலில் பாதியைக்கூட எட்டவில்லை. சத்திரங்களில் உண்ணும் இடமும் சமைக்கும் கையும் சாதியால் பிரிக்கப்பட்டிருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பிரிவினையை விலக்கி, அந்தப் பரிவை மட்டும் எடுத்துக்கொள்வது இக்காலத்தவரின் கடமையாகும்.

வடசென்னையிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு, ஒவ்வொரு தங்கலையும் எழுதி வைத்தவர் ஒருவரும் இருந்தார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் 18ஆம் நாள் காசி யாத்திரைக்குக் கிளம்பித் தண்டையார்ப்பேட்டையில் இருந்த தம் தோட்டத்தில் முதல் தங்கலை அமைத்துக்கொண்டார். குடும்பத்தினரும் பணியாட்களுமாக ஏறக்குறைய நூறு பேர் அவரோடு சென்றனர். காளஹஸ்தியும் திருப்பதியும் கண்டு, தக்காணத்தைக் கடந்து, காசியும் கயையும் சென்று, கிழக்குக் கடற்கரை வழியாக 1831 செப்டம்பரில் ஊர் திரும்பிய அவர், தெலுங்கில் எழுதிய யாத்திரை நூல் 1838-இல் அச்சேறியது. அந்நூலில் ஒவ்வோர் ஊரைப் பற்றியும் அவர் முதலில் கவனிப்பவை, நல்ல தண்ணீர் கிடைக்கிறதா, கடைகள் உண்டா, இறங்கத் தக்க இடம் உண்டா என்பனவே. கோவில்களின் பெருமையும் அரசுகளின் நிலையும் அதற்குப் பின்னரே வருகின்றன. குடும்பத்தோடு வழிநடந்தவரின் பார்வை அப்படித்தான் அமையும். அவர் திரும்பி வந்த கடற்கரை வழியின் போக்கில்தான் இன்றைய சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை, அதாவது முன்பு 5 என்றும் இப்போது 16 என்றும் எண்ணிடப்பட்டுள்ள தேசிய நெடுஞ்சாலை, பெரும்பாலும் செல்கிறது.

சத்திரங்கள் எப்படித் தேய்ந்தன என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் கோவில், பாலம், சத்திரம் ஆகியவற்றின் அறநிலங்கள் சென்னை மாகாண வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்கு வந்தன. 1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கிய பின், நாள்கணக்கில் நடந்த தொலைவு மணிக்கணக்கில் சுருங்க, நடைவழிச் சத்திரங்களின் தேவை குறைந்தது; ரயில் நிலையங்களுக்கு எதிரே புதிய சத்திரங்கள் எழுந்தன. பஞ்சகாலத்தில் கஞ்சி வார்ப்பதற்காக 1782-இல் இராயபுரம் வட்டாரத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரம், காலப்போக்கில் மருத்துவமனையாக வளர்ந்து, ஸ்டான்லி மருத்துவமனை என்னும் பெயரைப் பெற்ற பின்னும் மக்கள் வாயில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாகவே நிலைத்தது. மணலிக்குக் கிழக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயும் ஒரு காலத்தில் குடும்பங்களின் வழியாக இருந்தது. 1806-இல் எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கி, பின்னர் பழவேற்காட்டுக்கும் ஆந்திரக் கரைக்கும் நீட்டப்பட்ட அந்த நீர்வழியில் சென்ற படகில், குழந்தை படுத்துறங்கவும் முதியவர் சாய்ந்திருக்கவும் இடம் இருந்தது. படகே தங்குமிடமாகவும் பயன்பட்டதால் வழித்தங்கல் என்னும் சிக்கலே பெரிதாக எழவில்லை.

வடக்கு நோக்கி இன்றைய தங்கல்கள்

பழைய முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது கோவில்களைச் சுற்றி உயிரோடிருக்கிறது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வடசென்னைக் குடும்பங்கள் மூன்று தலைமுறையும் ஒன்றாகப் பெரியபாளையம் பவானி அம்மன் கோவிலுக்குச் செல்வதும், ஆரணியாற்றங்கரையில் இறங்கிப் பொங்கலிடுவதும், வேப்பிலை உடுத்தி நேர்த்திக்கடன் செலுத்துவதும், பேரக்குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துவதும், இரவு அங்கேயே தங்கி மறுநாள் திரும்புவதும் இன்றும் நடப்பவை. பயணத்தின் இடையே தங்குவது என்பது இங்கே தங்குவதற்காகவே பயணம் என்று ஆகிவிடுகிறது. வேன் வாடகையை மிச்சப்படுத்த எண்ணிச் சரக்கு ஏற்றும் சிறு லாரிகளில் குழந்தைகளையும் முதியவர்களையும் ஏற்றிச் செல்லும் பழக்கம் மட்டும் அடியோடு கைவிடப்பட வேண்டியது. அவ்வண்டிகளில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் தடுக்கிறது என்பதைவிட, திருப்பத்தில் வண்டி சாய்ந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பதே முதன்மையான காரணம்.

மணலிப் புதுநகரிலுள்ள அய்யா வைகுண்டர் தருமபதிக்குக் கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள் புரட்டாசித் திருவிழாவுக்குத் திரளாக வருகின்றன. அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினர் தங்கள் வழிபாட்டிடங்களை நிழல் தாங்கல் என அழைப்பதும், தொடக்க காலத்தில் அவை கல்விக்கும் பொதுவுணவுக்கும் உரிய இடங்களாக விளங்கியதும், இக்கட்டுரையின் பொருளோடு நெருங்கிய உறவுடையவை. ஆலைப் புகைக்கு நடுவே, எவர் வந்தாலும் அமரவும் உண்ணவும் ஓரிடம் இருப்பது மணலிக்குப் பெருமை சேர்ப்பதாகும்.

கோவில் சாராத தங்கல்கள் அவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை. பால்பண்ணைக்குப் பெயர்பெற்ற மாதவரத்தின் ஆவின் பாலகங்களில் குழந்தைக்குப் பாலும் பெரியவர்களுக்கு மோரும் கிடைக்கும். ஆந்திரம் செல்லும் பேருந்துகளுக்காக 2018-இல் திறக்கப்பட்ட மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையம், சொந்த வண்டி இல்லாத குடும்பங்களின் புறப்பாட்டிடம். அங்கிருந்து செங்குன்றம், காரனோடை, தச்சூர் வழியாகச் செல்லும்போது, சற்றே மேற்கே விலகினால் சிறுவாபுரி முருகன் கோவில் உண்டு. சொந்த வீடு அமைய வேண்டி வருவோரால் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே கூட்டம் மிகுவதால், குழந்தைகளோடு செல்வோர் பிற நாட்களைத் தேர்வது நலம். கிழக்கே விலகினால் பொன்னேரி கடந்து பழவேற்காடு வரும். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை அமைத்த அவ்வூரில், எலும்புக்கூடும் மணற்கடிகையும் செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளைவிட, உப்பங்கழியில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைகளே பிள்ளைகளை ஈர்க்கும். அவற்றைக் காண ஏற்ற காலம் மழை ஓய்ந்து பங்குனி பிறக்கும் வரை உள்ள மாதங்கள்.

ஆனாலும் நெல்லூர் செல்லும் குடும்பத்துக்கு இயல்பான வழித்தங்கலாக அமைவது சூளூர்ப்பேட்டைதான். சென்னையிலிருந்து நெல்லூர் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். சூளூர்ப்பேட்டை அதில் சரிபாதியில், இரண்டு மணி நேரக் கணக்கு நிறையும் இடத்தில் இருக்கிறது. அதன் வடக்கே நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில், ஏரிக்குள் நிற்கும் மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள், அதாவது அலகின் கீழே பை தொங்கும் பெரிய நீர்ப்பறவைகள், கூடு கட்டித் தம் குஞ்சுகளுக்கு மீன் ஊட்டுகின்றன. ஏரிக்கரையில் நடப்பது தாத்தாவுக்கும் கூடும், பேரனுக்கும் கூடும். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் காண்பதற்கான அரங்கு 2019-இல் திறக்கப்பட்டது. ஏவும் நாளை முன்கூட்டி அறிந்து பதிவு செய்துகொண்டால், அந்தத் தங்கல் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கக்கூடும்.

தங்கும் இடத்தில் என்ன செய்வது என்பதும் தங்கும் இடத்துக்கு நிகரான முதன்மை வாய்ந்தது. வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும் என்பதையும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் நேராது என்பதையும், குழந்தையின் உடல் பெரியவரின் உடலைவிடப் பன்மடங்கு விரைவாகச் சூடேறும் என்பதையும் அறிந்தவர்கள், உறங்கும் குழந்தையை எழுப்ப மனமின்றி வண்டியிலேயே விட்டு டீ குடிக்கச் செல்ல மாட்டார்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். கோடையிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பால்மாவு கொடுக்கும் நிலை இருந்தால், வீட்டிலேயே கரைத்து எடுத்துச் செல்வதைவிட, ஃபிளாஸ்கில் கொதித்த நீரையும் தனியே மாவையும் எடுத்துச் சென்று அவ்வப்போது கரைத்துக் கொடுப்பதே பாதுகாப்பானது. கட்டுச்சோற்றில் முன்னோர் தேர்ந்த வகைகளுக்குத் தக்க காரணம் உண்டு: புளியின் அமிலமும் நல்லெண்ணெயின் பூச்சும் கிருமிகளின் பெருக்கத்தைத் தடுப்பதால் புளிச்சோறும், நீர்ப்பசை குறைந்து மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியும் நெடுநேரம் தாங்கும், தேங்காய்ச் சட்னியோ சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம்கூட நில்லாது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பின் அளவு கூடித் தீங்கு விளையும்.

இருக்கைவார்தான் குடும்பங்களுக்குக் கடினமான செய்தி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இருக்கைவாராலோ குழந்தைக்கான தனி இருக்கையாலோ பாதுகாக்காமல் வண்டி ஓட்டுபவருக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆயாவின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் குழந்தைக்கு இல்லை என்று தமிழ்க் குடும்பங்கள் நம்புகின்றன. ஓடும் வண்டி திடீரென நிற்கும் ஒரு நொடியில் பத்துக் கிலோ குழந்தை முன்னே பாயும் விசையை, எவ்வளவு அன்புள்ள கைகளாலும் பிடித்து நிறுத்த இயலாது. ஆகவே ஓடும்போது இருக்கை, நிற்கும்போது மடி என்பதே சரியான ஏற்பாடு. ஆனால் குழந்தையைக் கட்டி அமர்த்த வேண்டும் என்று ஆணையிடும் சட்டம், கட்டவிழ்த்து மடியில் எடுத்துக்கொள்ளத் தக்க இடத்தையும் சாலையில் ஏற்படுத்தித் தரக் கடமைப்பட்டது. அந்த இரண்டாவது பாதி இன்னும் நிறைவேறவில்லை.

அதற்கான தொடக்கங்கள் உண்டு. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளை 300-க்கும் மேற்பட்ட இடங்களில் திறந்தது. தேசிய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்று என வழியோர வசதி மையங்களை அமைக்கும் திட்டத்தை நடுவண் அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் வெளியிடப்பட்ட ஹம்சஃபர் கொள்கை, அம்மையங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் தூய கழிப்பறை, குழந்தை பராமரிப்பு அறை, சக்கர நாற்காலி ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. 40 கிலோமீட்டர் என்பது ஒரு மணி நேரத்துக்குள் அடையும் தொலைவாதலால், திட்டம் ஏட்டளவில் குழந்தையின் கணக்குக்குப் பொருந்தியே இருக்கிறது. நடைமுறையில், பாலூட்டும் அறையின் பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதும், முழங்கால் மடக்க முடியாத மூதாட்டிக்கு மேற்கத்திய பாணிக் கழிப்பறை ஒன்றேனும் உண்டா என்பதுமே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டியவை. எரிபொருள் நிரப்பாதவரும் அவற்றைக் கேட்டுப் பயன்படுத்தலாம்.

இப்போது மணலி வட்டாரத்துக்கு ஒரு புதிய வாய்ப்பு கிட்டியுள்ளது. எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கித் தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் முடியும் சென்னை எல்லைச் சாலை, ஏறக்குறைய 133 கிலோமீட்டர் நீளத்தில் ஐந்து பகுதிகளாக அமைக்கப்பட்டு வருகிறது. அதன் முதற்பகுதியே எண்ணூரிலிருந்து தச்சூர் வரை செல்கிறது. துறைமுக லாரிகளை நகருக்குள் நுழையவிடாமல் திருப்புவது அதன் முதன்மை நோக்கம் என்பதில் குறையொன்றும் இல்லை. லாரிகள் அதில் திரும்பிவிட்டால் பஞ்செட்டிச் சாலையும் உள்வட்டச் சாலையும் ஓரளவு குடும்பங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். தச்சூரில் புதிய சாலை கொல்கத்தா நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடம், மணலியிலிருந்து வரும் குடும்பத்துக்கு முதல் தங்கலாகவும் ஆந்திரத்திலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்குக் குழந்தையோடு வருவோருக்குக் கடைசித் தங்கலாகவும் அமையத் தக்கது. அங்கே லாரி ஓட்டுநர் குளித்து உறங்க ஒரு கூடமும், வண்டிகள் நுழையாதபடி வேலியிட்ட, நாலைந்து வேப்பமரங்கள் நிற்கும் ஒரு திடலும், கைப்பிடி பொருத்திய கழிப்பறையும், சாவி தேடாமல் உள்ளே போகக்கூடிய பாலூட்டும் அறையும், நள்ளிரவிலும் பால் காய்ச்சித் தரும் ஒரு பாலகமும் ஏற்படுத்த அதிக நிலம் தேவைப்படாது. கட்டுமானம் முடிந்த பின் இடம் தேடுவதைவிட, சாலைக்கான நிலம் அரசின் கையில் இருக்கும் இப்போதே அதை வரைபடத்தில் குறித்துவிடுவது எளிது.